சுவரில் இருந்த கானா

கானா நாட்டின் நில அமைப்பை நான் இரண்டு பல் கொடுத்துப் படித்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில், ஃப்ரிபூர்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு கிராமத்தில், யாரும் தங்க வராமல் மூடிவிட்ட ஹோட்டல் ஒன்றை அகதிகளுக்கான ஹைம் ஆக்கியிருந்தார்கள். ஹைம் என்றால் வீடு என்று பொருள் சொன்னார்கள். அறைக்கு இரண்டு கட்டில், ஒரு கதிரை, கைகழுவ ஒரு தொட்டி. தமிழர் பதின்மூன்று பேர் இருந்தோம். ஆறு அறைகளில் பன்னிரண்டு பேரை அடைத்த பிறகு மிஞ்சியவன் நான். ஆபிரிக்கர்களில் மிஞ்சியவன் அவன், கானாக்காரன். மிஞ்சிய இரண்டையும் மூன்றாம் மாடி மூலை அறையில் போட்டார்கள்.

நான் பையை வைத்தபோது அறையில் யாரும் இல்லை. என் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கரியால் என்னவோ கீறியிருந்தது. கோடும் புள்ளியும் வளைவுமாக ஒரே அழுக்கு. எனக்குக் கை முந்தும், யோசனை பிறகுதான் வரும். துவாயை நனைத்துத் துடைக்கத் தொடங்கினேன். கீழ்ப்பாதி போயிருக்கும். கதவு திறந்தது. திரும்பினேன். நான் கடைசியாகத் தெளிவாகக் கண்டது ஒரு முஷ்டி.

நானும் சும்மா விடவில்லை. கதிரையைத் தூக்கி அவன் தோளில் இறக்கினேன். கதிரையின் ஒரு கால் கழன்று யன்னல் கண்ணாடியில் போய் விழுந்தது. அவன் என் பிடரியைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் மோதினான். மேல்வாயின் முன்பல் இரண்டும் தொட்டிக்குள் விழுந்து, தண்ணீர் போகும் ஓட்டையருகே கிடந்தன. நான் அவன் முழங்கையைக் கடித்தேன், இல்லாத பல்லைத் தவிர மற்ற எல்லாப் பல்லாலும். கீழ்மாடியிலிருந்து நாலு பேர் ஏறி வந்துதான் எங்களைப் பிரித்தார்கள். அந்த நிமிஷத்தில் அவனைக் கொல்லத்தான் நினைத்தேன், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை.

ஹைமின் பொறுப்பாளர் அந்த ஹோட்டலின் பழைய முதலாளியம்மாதான். ஆண்பிள்ளைபோல முடி வெட்டிய, அறுபது வயதுப் பெண். நாங்கள் அவரை மடம் என்று கூப்பிடுவோம். பொலிஸைக் கூப்பிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் எங்கள் இரண்டு பேரையும் குசினிக்குள் கொண்டுபோய், நடுவில் ஒரு சாக்கு உருளைக்கிழங்கை வைத்து, ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்து, தோல் சீவச் சொல்லிவிட்டுப் போனார். ஒருவனை ஒருவன் கொல்லப் பார்த்த இரண்டு பேரிடம் கத்தியைக் கொடுத்தது துணிச்சலா மடத்தனமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தண்டனை ஒரு மாதம்.

நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். ஆனால் இத்தனை வருடத்தில் அவன் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறான். அப்படியே எழுதுகிறேன்.

"நீ துடைச்சது அழுக்கை இல்லை. என்ரை நாட்டை" என்றான் மூன்றாம் நாள்.

"உன்ரை நாட்டை ஏன் என்ரை தலைமாட்டிலை கீறி வைச்சனீ?"

"நீ வர முந்தி அது என்ரை தலைமாடு."

வாய் வீங்கியிருந்ததால் கதைப்பது எனக்குக் கஷ்டம். அவன் முழங்கையில் என் பற்குறி கறுத்துக் கிடந்தது. ஒரு கிழங்கைச் சீவி என் பக்கத்து வாளிக்குள் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து நானும் ஒன்றை அவன் வாளிக்குள் போட்டேன். அந்த மாதம் முடிய முன்னர் அவனுக்கு மச்சான் என்ற சொல்லைப் பழக்கிவிட்டேன். ஊரில் எவரையும் நான் அவ்வளவு கெதியில் மச்சான் என்று கூப்பிட்டதில்லை.

கீழ்க்கூடத்தில் விறகு எரிக்கும் அடுப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து கரித்துண்டு பொறுக்கி வந்து, பின்னேரங்களில் அவன் நான் அழித்த பாதியைத் திரும்பக் கீறினான். நான் கட்டிலில் இருந்து பார்ப்பேன். தெற்கிலிருந்து தொடங்கினான்.

முதலில் கடற்கரை. அங்கே கடல் குளிக்கிற கடல் அல்ல, அடிக்கிற கடல். ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளத்தை அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். எண்ணிப் பார்த்து இரண்டு அலைக்கு இடையில் போக வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் வள்ளமே புரண்டு ஆளின் மண்டையை உடைக்கும். அவனுடைய மாமன் ஒருவர் அப்படித்தான் போனார். கரை நெடுகிலும் வெள்ளையடித்த கோட்டைகள். அவற்றின் நிலவறைகளில் மனிதரைச் சங்கிலியில் போட்டு வைத்துக் கப்பலேற்றினார்கள் என்பதை, நண்டு பிடிக்கும் இடத்தைக் காட்டுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னான்.

அதற்கு மேலே காடு. சிவந்த மண். மழை பெய்தால் ஒழுங்கை இரத்தமாக ஓடும் என்றான். மரங்களின் வேர்கள் சுவர்போல ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நிற்கும். ஒரு மரத்தைத் தறித்தால் அது தன்னோடு இரண்டு மூன்று பேரைக் கொண்டுதான் விழும். காட்டுக்கும் மேலே, வடக்கில், நான் அழிக்காமல் விட்ட புல்வெளி. மார்கழி மாதத்தில் பாலைவனத்திலிருந்து ஒரு காற்று இறங்கும். உதடு வெடிக்கும், மூக்கால் இரத்தம் வரும், பகலில் சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாம், அவ்வளவு தூசி. மழை பொய்த்த வருடம் அந்தக் காற்று நெருப்பைத் தெற்கே கொண்டுவந்தது. சோளக் களஞ்சியத்துக்குள் பிள்ளையோடு ஒளிந்த ஒரு பெண்ணை ஊரார் அடுத்த நாள் கண்டெடுத்தார்கள். கறையான் புற்று மட்டும்தான் எரியாமல் நின்றதாம். வடக்கில் நல்ல வண்டல் மண்ணுள்ள ஆற்றோரங்கள் ஆளில்லாமல் கிடந்தன. சின்ன ஈ ஒன்று கடித்துக் கடித்து ஊரையே குருடாக்கிவிட, மிஞ்சியவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள்.

நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் நிலத்தில் மலை இல்லை, ஆறு இல்லை, காடு இல்லை. பனைதான் உயரம். எங்களூரில் நிலம் யாரையும் கொன்று நான் அறியேன், அந்த வேலையை மனிதர் பார்த்துக்கொண்டார்கள். அதனால் அவன் சொல்வதை வாய் பிளந்து கேட்டேன். ஒரு நாட்டில் ஒவ்வொரு இருபது மைலுக்கும் ஒருவிதச் சாவு இருந்தது எனக்குப் புதினம்.

நடுவில் இருந்ததைக் கடைசியாகக் கீறினான். முருங்கைமரம்போலக் கிளை கிளையாகப் பரவிய ஒரு பெரிய நீர்ப்பரப்பு. வோல்ட்டா ஆற்றை மறித்து அணை கட்டியபோது தேங்கியது. அவனுடைய ஊர் அதற்குக் கீழே இருந்தது.

அப்போது அவனுக்குப் பதினொரு வயது. தண்ணீர் பாய்ந்து வரவில்லை, தவழ்ந்து வந்தது. நாளுக்கு ஒரு முழம், இரண்டு முழம். இன்று ஆடு கட்டிய கட்டை நாளை தண்ணீருக்குள் நிற்கும். பாம்புகள் மரமேறின. குரங்குகள் ஒரு மேட்டில் அகப்பட்டுப் பட்டினியில் ஒன்றையொன்று கடித்துத் தின்றன. சனத்தை லொறியில் ஏற்றி, மேட்டில் கட்டிய சீமெந்து அறைகளில் விட்டார்கள். அவனுடைய தகப்பன், வீட்டுத் தெய்வத்தை எடுக்க மறந்துவிட்டேன் என்று வள்ளத்தில் திரும்பிப் போனார். கூரை மட்டும் வெளியே தெரிந்த வீட்டுக்குள் மூழ்கினார். திரும்பி வரவில்லை.

யாரும் காட்டை வெட்டாமல் தண்ணீரை விட்டதால், செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. காற்றடித்தால் படகு அவற்றில் குத்துண்டு கிழியும். அவன் வளர்ந்து அதே தண்ணீரில் மீன்பிடித்தான், பிறகு படகு ஓட்டினான். ஆட்சியைப் பிடித்த இராணுவத்தினர், கடத்தல் சாமான் ஏற்றினாய் என்று அவனையும் கூட்டாளியையும் இறங்குதுறையில் வைத்து அடித்தார்கள். உடைந்த போத்தலால் தலைமயிரை மழித்தார்கள். கூட்டாளியைச் சுட்டார்கள். இவன் தண்ணீரில் குதித்து, மூழ்கி நின்ற மரக்கொப்பு ஒன்றைப் பிடித்துத் தப்பினான். தலையைக் குனிந்து காட்டினான். மயிர் முளைக்காத தழும்புகள் வரி வரியாக இருந்தன. திரும்பிப் போனால் சுடுவார்கள் என்றான். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஏனென்றால் நானும் தண்ணீருக்குள்ளிருந்து தப்பியவன். வன்னியில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் ஐந்து வருடம் மேற்பார்வையாளனாக இருந்தேன். ஒரு காலை குளக்கட்டு திருத்திக்கொண்டிருந்தவர்களை இராணுவம் முழங்காலில் நிற்கவைத்துச் சுட்டது. நான் குளத்துக்குள், தாமரைக்குக் கீழே, மூக்கை மட்டும் வெளியே வைத்துக் கிடந்தேன். மத்தியானம் வரை கிடந்தேன். குளக்கட்டிலிருந்து வழிந்த இரத்தம் என் பக்கம் வந்தபோது அதை மூக்கால் உறிஞ்சாமல் இருப்பதுதான் என் ஒரே யோசனையாக இருந்தது.

ஹைமுக்குக் கீழேயும் ஒரு ஏரி இருந்தது. ஒருநாள் நடந்து போனோம். வசந்தத்துக்கு முன், தண்ணீர் வற்றி, சேற்றில் மரக்குற்றிகள் தெரிந்தன. அவன் கரையிலேயே நின்றுவிட்டான்.

"இது கட்டின தண்ணி. இதுக்குக் கீழையும் வீடு இருக்கும்" என்றான்.

திரும்பி வந்து மடத்திடம் கேட்டேன். அவர் கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தார். அகப்பையால் ஏரியின் பக்கம் காட்டி, அணை கட்டியபோது தன் தகப்பனின் வீடும் பழத்தோட்டமும் அங்கே போனதாகச் சொன்னார். தகப்பன் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து யன்னலைத் திறக்கவே விடவில்லையாம். சொல்லிவிட்டுக் கிழங்கைப் புரட்டினார்.

அந்த வசந்தத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் காலை நிலம் அதிர்ந்தது. மேசையிலிருந்த கோப்பைகள் ஆடின. யன்னலுக்கு வெளியே, தேவாலய வீதியில், சங்கிலிச் சில்லு போட்ட இரும்பு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழலை நீட்டிக்கொண்டு வந்தன. பதின்மூன்று தமிழரும் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு நிலவறைக்கு ஓடினோம். ஒருவருக்கு விலா எலும்பு முறிந்தது. ஒருவர் காற்சட்டையிலேயே மூத்திரம் போனார். மடம் படியில் நின்று, "பன்ஸர், வெறும் பன்ஸர், பயிற்சி" என்று கத்தினார். மேலே வந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெர்மன் மொழியில் நான் ஒருநாளும் மறக்காத முதல் சொல் அந்தப் பன்ஸர். எங்களூரில் இராணுவம் ட்ரக்கிலும் ஜீப்பிலும் கவச வாகனத்திலும்தான் வந்தது. சங்கிலி வண்டியை அன்றுதான் நேரில் கண்டேன்.

இனித்தான் என் கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும்.

அவனுக்கு அகதி விண்ணப்ப இன்டர்வியூ நாள் வந்தது. அதற்கு முன் தன் கதையை எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் தண்ணீருக்குள் போனதோடு படிப்பு நின்றவன், ஆங்கிலம் பேசுவான், எழுத வராது. நான் எழுதினேன். அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவன், லேக் என்ற சொல் வந்ததும் நிறுத்தினேன்.

"லேக் எண்டு சொல்லாதை. பிழை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

"லேக் தானா உண்டாகிறது. அணை கட்டித் தேக்கினால் அது டாங்க். நான் அஞ்சு வருஷம் அந்தக் கந்தோரிலை இருந்தனான். எனக்குச் சொல்லித் தராதை."

"டாங்க் எண்டால் படகிலை டீசல் விடுறதெல்லோ?"

"அது சின்ன டாங்க். இது பெரிய டாங்க்."

அவன் தலையாட்டினான். எங்கள் நாட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒவ்வொரு குளத்துக்கும் ஆங்கிலத்தில் டாங்க் என்றுதான் பெயர். பெயர்ப்பலகையில் அப்படி, வரைபடத்தில் அப்படி, என் சம்பளத்துண்டில்கூட அப்படி. ஐந்து வருடம் ஒரு நாளைக்கு நூறு தரம் எழுதிய சொல். உலகம் முழுவதும் அதுதான் சரியான ஆங்கிலம் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. லேக் என்று எழுதிய இடத்தையெல்லாம் வெட்டி டாங்க் ஆக்கினேன். இன்டர்வியூவில் வாய் தவறாமல் இருக்க அவனைப் பழக்கவும் செய்தேன். லேக் என்று சொன்னால் தொடையில் அடிப்பேன். ஒரு கிழமையில் அவனுக்கு லேக் மறந்தே போனது.

இன்டர்வியூவுக்குப் போய்வந்தவன் சந்தோஷமாக இருந்தான். விசாரித்த அதிகாரி மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தானே கேட்டாராம்.

"எல்லாம் நீ சொன்ன மாதிரியே சொன்னனான். ஒரு இடத்திலையும் பிசகேல்லை" என்றான். "அவங்கள் சிரிச்சாங்கள் மச்சான். பக்கத்து அறையிலை இருந்தவனையும் கூப்பிட்டு, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாங்கள். கோப்பி தந்தாங்கள்."

"சிரிச்சால் நல்லது. உன்னை அவங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. ஜெர்மன். வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனதால் அகராதியை வைத்துக்கொண்டு என்னால் தட்டுத்தடுமாறி வாசிக்க முடியும். அவன் எதிர்க்கட்டிலில் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தான். நான் இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன்.

விண்ணப்பதாரர் கூறுவதாவது: ஒரு பன்ஸர் நாளொன்றுக்கு ஒரு முழ வேகத்தில் இரண்டு வருடமாக அவருடைய ஊரின்மேல் ஏறி வந்தது. அவருடைய தகப்பன் அந்தப் பன்ஸரின் கீழ் அகப்பட்டு இறந்தார். பிற்பாடு விண்ணப்பதாரர் அதே பன்ஸரில் ஏழு வருடம் மீன்பிடித்தார். இது பொது அனுபவத்துக்கு முற்றிலும் மாறானது. ஆகவே இராணுவத்தினர் அவரைத் துன்புறுத்தியதாகச் சொல்லும் பகுதியையும் நம்புவதற்கில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கப்போவதில்லை. ஒரு கணம் உண்மையாகவே சிரிப்பு வந்தது. பிறகு பன்ஸர் என்ற அந்தச் சொல்லைத் திரும்ப வாசித்தேன். தேவாலய வீதியில் வந்த இரும்பு வண்டிகள் கண்ணுக்கு முன் வந்தன. ஆங்கிலத்தில் அதற்கும் டாங்க் என்றுதான் பெயர் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"என்னவாம்?"

"நம்பேல்லையாம்."

"எதை?"

"எல்லாத்தையும்."

அவன் எழுந்து போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு முஷ்டியால் சுவரைக் குத்தினான். நாலு தரம், ஐந்து தரம், விரல்மூட்டு உடைந்து இரத்தம் கரிக்கோடுகளில் பூசுப்படும் வரை. நான் தடுக்கவில்லை. அவன் குத்த வேண்டிய முகம் அறைக்குள்தான் இருந்தது.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. ஒரு வரி போதும். எழுதிக் கொடுத்தவன் சொல்லைப் பிழையாகப் போட்டுவிட்டான், டாங்க் அல்ல லேக் என்று. அந்த ஒரு வரிக்கு எழுதியவனின் பெயர் வேண்டும். எங்களில் மூத்தவரான ஒரு அண்ணையிடம் போய்க் கேட்டேன். ஹைமில் எவருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவரிடம் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டோம்.

"தம்பி, மற்றவைக்குக் கதை எழுதிக் குடுக்கிற ஆக்கள் எண்டு ஒரு லிஸ்ட் வைச்சிருக்கிறாங்களாம். பாசல் பக்கத்திலை ஒருத்தனை அப்பிடித்தான் திருப்பி அனுப்பினவங்கள்" என்றார். "உமக்கு இன்டர்வியூ எப்ப?"

"வாற மாசம், அண்ணை."

"அப்ப வாயை மூடிக்கொண்டு இரும்."

அது உண்மையா வெறும் கதையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை, கேட்க விரும்பவும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயம் மட்டும் காரணமில்லை, வெட்கமும்தான். எனக்குச் சொல்லித் தராதே என்று சொன்னவன் நான். அவன் முகத்தைப் பார்த்து, நீ சொன்ன சொல்தான் சரி, நான்தான் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேல்முறையீட்டை மூன்று பக்கத்துக்கு எழுதினேன். போத்தலைப் பற்றி எழுதினேன், தழும்புகளைப் பற்றி எழுதினேன், சுடப்பட்ட கூட்டாளியைப் பற்றி எழுதினேன். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. அவன் கீழே மெதுவாக, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். பிறகு என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான்.

என் இன்டர்வியூ வந்தது. எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். குளக்கட்டில் வைத்துச் சுட்டதையும், நான் குளத்துக்குள் கிடந்ததையும் சொன்னேன்.

"குளம் எண்டால் கட்டின குளமோ?" என்று அவர் கேட்டார்.

"ஓம்."

அவர் அதிகாரியிடம் திரும்பி ஜெர்மனில், தேக்கிய ஏரி என்ற பொருளில், ஸ்டவ்ஸே என்றார். அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு ஹைமுக்குத் திரும்பினேன். அவனிடம் சொல்லவில்லை. மேல்முறையீடு தள்ளுபடியான கடிதம் அடுத்த கிழமை வந்தது.

காலை ஆறு மணிக்கு நாலு பொலிஸார் வந்தார்கள். அவன் முகத்துக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டு நின்றான். முதலில் பேசாமல் நின்றான். விலங்கை எடுத்ததும் திமிறினான். ஒரு பொலிஸ்காரரைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தான். மற்ற மூன்று பேரும் விழுந்து அமுக்கினார்கள். கட்டிலின் இரும்புக்காலைக் கட்டிப்பிடித்தான். தடியால் விரல்களில் அடித்தார்கள். சுவரில் குத்தி உடைந்து ஆறிய அதே விரல்கள். கட்டிலோடு வாசல் வரை இழுபட்டுப் போய், அங்கே கை விட்டது. நான் என் கட்டிலில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். குளத்துக்குள் கிடந்ததுபோலவே அசையாமல் நின்றேன்.

படியில் காலைப் பிடித்து இறக்கினார்கள். அவன் தலை ஒவ்வொரு படியிலும் மோதியது. பின்னால் ஓடினேன். கீழே மடம் இராவுடுப்போடு நின்று பொலிஸாரை ஏசிக்கொண்டிருந்தார். அவன் என்னைக் கண்டான்.

"டாங்க்" என்று கத்தினான். "நான் டாங்குக்குக் கீழை இருந்து வந்தவன். இவனைக் கேளுங்கோ. இவனுக்குத் தெரியும். மச்சான், சொல்லு இவங்களுக்கு. டாங்க். டாங்க்."

நான் அடித்து அடித்துப் பழக்கிய சொல். வாய் முழுக்க இரத்தத்தோடு அதை ஒரு பிசகில்லாமல் சொன்னான்.

மடம் என்னிடம் திரும்பினார். "என்ன சொல்கிறான்? என்ன பன்ஸர்? எதைப் பற்றிக் கத்துகிறான்?"

அந்த வீட்டில், அந்த நாட்டிலேயே, தகப்பனின் வீடு தண்ணீருக்குக் கீழே போனது என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் என் முன்னால் நின்று கேட்டார். ஸ்டவ்ஸே என்ற சொல் என் நாக்கில் இருந்தது. நாலு பொலிஸாரும் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்தார், என் பெயரைக் கேட்கத்தானோ, வேறெதற்கோ.

"எனக்குத் தெரியாது. நான் வேறை நாட்டுக்காரன்" என்றேன்.

அவன் கத்துவதை நிறுத்தினான். வாகனத்தில் ஏற்றும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ என் காது கேட்காமல் போய்விட்டது என்று நினைப்பவன்போலப் பார்த்தான்.

அவனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பெவிலிகுங் கிடைத்தது. இந்த நாட்டில் இருக்கலாம் என்ற அந்தத் தாளில் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவனைக் கொண்டுபோன மூன்றாம் நாள் மடம் ஒரு வாளியும் துணியும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். அன்று பின்னேரம் புதிதாக ஒருவர் வருகிறார், சுவரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். அழுதிருப்பார் போல, கண் சிவந்திருந்தது. நான் துணியை நனைத்தேன். வடக்கிலிருந்து தொடங்கினேன். புல்வெளி போனது, காடு போனது, கோட்டைகள் போயின. நடுவில் இருந்தது மட்டும் லேசில் போகவில்லை. அந்த இடத்தில்தான் அவன் முஷ்டியால் குத்தியிருந்தான், கரியோடு இரத்தம் காய்ந்திருந்தது. சவுக்காரம் போட்டு மூன்று தரம் தேய்த்தேன். பிறகு அதுவும் போனது.